ஆள் இல்லை

நாவல்குளத்தின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி காவல் இருந்தாள். அவள் பெயர் கூவாயி. மஞ்சள் கால், சிவந்த மூக்கு, கணீரென்ற குரல்.

நரி வந்தாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி, கூவாயிக்கு ஒரே சொல்தான். "ஆள்! ஆள்!" என்று கத்துவாள். உடனே தவளைகள் தண்ணீருக்குள் குதிக்கும். நீர்க்கோழிகள் கோரைக்குள் ஒளியும். ஆபத்து போனதும் எல்லாரும் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். மற்ற நேரமெல்லாம் கூவாயி சும்மா இருப்பாள். அவள் சும்மா இருந்தால் குளத்துக்கு நிம்மதி.

ஆனால் குளத்தின் தலைவருக்கு மட்டும் அதில் நிம்மதி இல்லை. அவர் ஒரு கூழைக்கடா. அலகுக்குக் கீழே பெரிய பை தொங்கும். அதனால் எல்லாரும் அவரை மூட்டைவாயர் என்றே சொல்வார்கள். நல்லவர்தான், ஆனால் கவலைக்காரர். எங்கேயும் சத்தம் இல்லையென்றால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

ஒரு நாள் காலையில் அவர் கூவாயியிடம் வந்தார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"ஆள் யாரும் வரலையே ஐயா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஆள் வரலைன்னாலும் சத்தம் வராது. நீ தூங்கிட்டாலும் சத்தம் வராது. ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?"

கூவாயி யோசித்துப் பார்த்தாள். அதற்குள் தலைவரே ஒரு வழி சொன்னார்.

"இனிமே இப்படிச் செய். ஆள் வந்தா 'ஆள்'னு கத்து. வராதப்போ 'ஆள் இல்லை'ன்னு கத்து. விடாம கத்திக்கிட்டே இரு. நீ முழிச்சிருக்கியான்னு நான் பார்க்க வர வேண்டாம் பாரு, எனக்கும் அலைச்சல் மிச்சம்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. "ஆள் இல்லை! ஆள் இல்லை!" விடியும்போதும் அதே. வெயில் ஏறும்போதும் அதே. பூச்சி பிடித்து விழுங்குவதற்குள் ஒரு தடவை, தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் ஒரு தடவை. கொஞ்சம் தாமதித்தால் போதும், அக்கரையிலிருந்து மூட்டைவாயர் கேட்பார். "கூவாயி, இருக்கியா?"

பத்து நாளில் கூவாயி இளைத்துவிட்டாள். இலை விழுந்தால் திடுக்கிட்டாள். ஒரு தட்டான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு அதனிடம் சண்டைக்குப் போனாள். பிறகு அதை நினைத்து அழுதாள்.

அவளுக்குக் குதியான் என்று ஒரு தவளை சிநேகிதன். அவன் கரையேறி வந்தான்.

"என்ன புள்ள, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லைண்ணே. ஆள் இல்லை."

"ஆள் இருக்கான்னு யாரு கேட்டா? உனக்கு என்னன்னு கேட்டேன்."

"ஒரு மத்தியானம் தூங்கணும்ணே. ஆள் இல்லை. ஒரே ஒரு மத்தியானம். ஆள் இல்லை."

குதியான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை.

"தலைவர்கிட்ட போய்ச் சொல்லு. நான் சொன்னா, தவளைக்கு என்ன தெரியும்னுவார். இதோ பாரு, உன் சத்தம் எங்க காதுல ஊறிப்போச்சு. என்னைக்காவது நீ வாயை மூடினா, நான் பயந்து தண்ணிக்குள்ள குதிச்சிடுவேன்."

கூவாயி மூட்டைவாயரிடம் போனாள்.

"ஐயா, ரொம்பக் கஷ்டமா இருக்கு. மனசே சரியில்லை."

மூட்டைவாயருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இரக்கத்தில் அவர் பை ஆடியது.

"அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா? உனக்கு ஒரு உற்சாகம் வேணும். நாளைக்கே விழா வெச்சிடலாம். உன்னைப் பாராட்டி விழா!"

மறுநாள் கரையெல்லாம் தாமரை இலைத் தோரணம். நீர்க்கோழிகள் ஆடின. கூவாயிக்குக் 'குளத்தின் குரல்' என்று பட்டம் கொடுத்து, அல்லிப்பூவில் ஒரு கிரீடமும் வைத்தார்கள். அது வழுக்கி வழுக்கிக் கண்ணை மறைத்தது. மூட்டைவாயர் மனதை லேசாக வைத்துக்கொள்வது எப்படி என்று நெடுநேரம் பேசினார். நடுவில் ஒரு தடவை பேச்சை நிறுத்தினார்.

"கூவாயி, கிரீடம் வெச்சதும் கத்துறது குறைஞ்சுபோச்சே?"

"ஆள் இல்லை" என்றாள் கூவாயி.

கிரீடத்தை மேலே தள்ளியபோதுதான் பார்த்தாள். நாணல் புதருக்குப் பின்னால் இரண்டு காதுகள். நரி.

கூவாயி முழு மூச்சோடு கத்தினாள். "ஆள்! இல்லை!"

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் கத்தினாள். "ஆள் இல்லை! ஆள் இல்லை!" நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. பதினோரு நாள் பழகிய தடத்திலேயே அது ஓடியது. 'ஆள்' என்று தொடங்கினால் 'இல்லை' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"நல்லாக் கத்துறா. பாருங்க, விழா வெச்சதும் குரல்ல ஒரு தெம்பு" என்றார் மூட்டைவாயர்.

நரி வயிற்றைத் தரையில் தேய்த்து இன்னும் நெருங்கியது. நீர்க்கோழிகள் ஆடிக்கொண்டே இருந்தன. அப்போதுதான் கூவாயிக்குக் குதியான் சொன்னது நினைவுக்கு வந்தது.

அலகை இறுக்கி மூடிக்கொண்டாள்.

குளத்தில் சத்தம் நின்றது. பதினோரு நாளில் முதல் தடவையாக அடியோடு நின்றது. குதியான் துள்ளி எழுந்தான்.

"கூவாயி நிறுத்திட்டா! குதிங்க, எல்லாரும் குதிங்க!"

தவளைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. நீர்க்கோழிகள் கோரைக்குள் பாய்ந்தன. ஒரு நொடியில் கரை காலியானது. ஒருவர் மட்டும் ஓடவில்லை.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று திட்டுவதற்காக, மூட்டைவாயர் அசைந்து அசைந்து கூவாயியை நோக்கி வந்தார். நேராக நரியின் முன்னால் வந்தார்.

நரி பாய்ந்தது. கூவாயி அதன் முகத்தில் போய் விழுந்து மூக்கைக் கொத்தினாள். அது தடுமாறிய நேரத்தில் மூட்டைவாயர் தண்ணீரில் உருண்டு விழுந்தார். நரிக்கு மிஞ்சியது மூட்டைவாயரின் வால் இறகு நான்கும், கூவாயி தலையிலிருந்து விழுந்த அல்லிப்பூக் கிரீடமும்தான். இறகைத் துப்பிவிட்டு, கிரீடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, அது வந்த வழியே போய்விட்டது.

வெகு நேரம் கழித்து மூட்டைவாயர் கரையேறினார். வால் இல்லாமல் அவர் நடை கோணலாக இருந்தது.

"இவ்வளவு கஷ்டம்னு நீ சொல்லவே இல்லையே, கூவாயி."

"சொன்னேன் ஐயா. நீங்க விழா வெச்சீங்க."

மூட்டைவாயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, உனக்கு என்ன வேணும்?"

"ஒரு மத்தியானம் தூங்கணும்."

"தூங்கு. நான் காவல் இருக்கேன்."

கூவாயி நாவல் நிழலில் படுத்தாள். மூட்டைவாயர் காவல் நின்றார். மிதந்து வந்த கட்டையைப் பார்த்து ஒரு தடவை பதறினார். தன் நிழலைப் பார்த்து இரண்டு தடவை பதறினார். பொழுது சாய்வதற்குள் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. "ஒரு மத்தியானத்துக்கே இப்படியா?" என்று முனகினார்.

"பதினோரு நாள்னா எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றான் குதியான் தண்ணீரிலிருந்து.

மறுநாளே காவல் வேலை மூன்றாகப் பிரிந்தது. காலையில் நாவல் மரத்து அணில், மத்தியானம் பக்கத்துத் தோப்பு மயில், பிறகு கூவாயி. 'ஆள் இல்லை' என்று கத்தும் வேலையே எடுக்கப்பட்டது. யாராவது ஒருவர் "இன்னைக்கு மனசு சரியில்லை" என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் அடுத்தவர் வந்து நின்றுகொள்வார். பட்டம் கிரீடம் எல்லாம் போயிற்று. கூவாயி நன்றாகத் தூங்கினாள், தட்டானிடம் போய் மன்னிப்பும் கேட்டாள்.

மூட்டைவாயருக்கு வால் முளைக்க நாளாயிற்று. அதுவரை தினமும் சாயங்காலம் கோணலாக நடந்து வந்து, "கூவாயி, எப்படி இருக்கே?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை தன் பெரிய வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

வேலை செய்பவர் கஷ்டம் என்று சொன்னால், அவர் தலையில் கிரீடத்தை ஏற்றுவதைவிட அவர் தோளிலிருந்து பாரத்தை இறக்குவதே மேல்.