துறக்கக் கொண்டுவந்த ஆடு

அடைமழை பிடித்து உப்பளங்கள் மூடிக் கிடந்த மாதம். மழை சற்று விட்ட ஒரு நாள், உப்பு வாரும் சுடலையாண்டி ஒரு சினையாட்டை இழுத்துக்கொண்டு மணல்மேட்டு மடத்துக்கு வந்தான். வழியெல்லாம் அது காலை ஊன்றி அடம்பிடித்ததில் அவன் உள்ளங்கை சிவந்திருந்தது.

மடத்துச் சாமி அவனைவிட வயதில் இளையவர். வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, தீட்சை கொடுங்க. உள்ளதைத் துறந்துட்டு வரச் சொன்னீங்க. வீட்டிலே உள்ளதிலே பெரிசு இதுதான்."

"வீட்டிலே சொல்லிட்டீங்களா அண்ணாச்சி?"

"வீட்டுக்காரி செல்லக்கனி விறகு பொறுக்கப் போயிருக்கா. கேட்டா விடுவாளா? அங்கே எல்லாம் அவ ராஜ்யம். பிள்ளைங்ககூட எது வேணும்னாலும் அவகிட்டேதான் போகுது. இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணுன்னு ஆயிட்டேன்."

சாமி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார்.

"ஆடு எப்படி வந்தது?"

"ஊரிலே ஒருத்தரோட ஆட்டை அவ வாரத்துக்கு வளர்த்தா. அது ரெண்டு குட்டி போட்டுது. ஒண்ணு ஆட்டுக்காரருக்கு, ஒண்ணு வளர்த்தவளுக்கு. அவளுக்கு வந்தது இது."

"மழைக்காலத்திலே உலை எப்படி வைக்கிறீங்க?"

சுடலையாண்டி கால்விரலால் மணலைக் கிளறினான்.

"இது போடுற குட்டியை வித்துத்தான். மூத்தவ பள்ளிக்கூடம் போறதும் அதிலேதான்."

"அப்போ பெரிய பொருள்தான். இதுக்குப் பேர் என்ன?"

"ஆட்டுக்கு என்ன சாமி பேரு?"

சாமி வேலியிலிருந்து பூவரசந்தழை ஒடித்துக் கொடுத்தார். சுடலையாண்டி ஆட்டிடம் நீட்டினான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கறிக்கடைக்காரரைப் பார்க்கிற மாதிரில்லா உங்களைப் பார்க்குது," என்றார் சாமி.

அப்போது உடைமரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "பவளம்... ஏ பவளம்..."

ஆட்டின் காதுகள் நிமிர்ந்தன. கயிறு விறைத்தது.

"உங்க வீட்டுக்காரியா?"

"ஆமா சாமி."

சாமி குனிந்து ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். சினை வயிறு குலுங்க அது குரல் வந்த பக்கம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கூப்பாடு நின்றது. பிறகு, ஏசுவதா கொஞ்சுவதா என்று பிரிக்க முடியாத பேச்சு காற்றில் வந்தது.

சுடலையாண்டி கையில் மிஞ்சிய கயிற்றைப் பார்த்தான்.

"அப்போ நான் எதைத்தான் சாமி துறக்கிறது?"

சாமி பூவரசந்தழையைச் சுட்டிக்காட்டினார்.

"அதைக் கொண்டுபோய்ப் பவளத்துக்குப் போடுங்க அண்ணாச்சி. தினமும் போடுங்க. உங்களுக்குன்னு ஏதாவது சேர்ந்த பிறகு, துறக்க வாங்க."