கடாரத்து மாணவன்

கடற்கரைப் பட்டினத்து விகாரையில், கடல் கடந்து படிக்க வரும் மாணவர்களைத் தேற்றி ஆளாக்குவது பிக்கு சுமேதரின் பொறுப்பு. நம் ஊர்ச் சோற்றுக்கு நாக்கைப் பழக்குவார். யார் முன்னால் எழுந்து நிற்க வேண்டும், எதற்குச் சிரிக்கக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருவார். ஒரு மழைக்காலம் போனால் எல்லாரும் தேறிவிடுவார்கள்.

கடாரத்திலிருந்து வந்த ஜாயன் மட்டும் தேறவில்லை. சொன்னதையெல்லாம் கற்றுக்கொண்டான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். உடம்புதான் வற்றிக்கொண்டே வந்தது.

காற்று திசை மாறியது. கடாரத்துக் கப்பல் புறப்பட ஆயத்தமானது.

"நான் போகிறேன், ஐயா" என்று வந்து நின்றான் ஜாயன்.

சுமேதர் அவனைத் தடுத்தார். "நம் தலைமைத் தேரரும் உன் ஊர்தான். உன்னைவிடச் சிறு பிள்ளையாக வந்தவர். இன்று அவரை யாராவது அந்நியர் என்பார்களா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் போ."

தேரர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஜாயன் அவர் காலில் விழுந்தான். தன் மொழியில் மடமடவென்று பேசினான். அவன் இத்தனை பேசக்கூடியவன் என்பதே சுமேதருக்கு அன்றுதான் தெரிந்தது.

தேரரின் முகம் மலர்ந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏதோ ஒலி வந்தது, பாதியில் நின்றது. மறுபடி முயன்றார். வார்த்தை வரவில்லை. கடைசியில் அவன் தலையை வருடி, தமிழில் கேட்டார்.

"சாப்பிட்டாயா?"

ஜாயன் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து வணங்கினான். அன்று மாலையே கப்பலேறிவிட்டான்.

பாய் கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்றுவிட்டுத் திரும்பினார் சுமேதர். தேரர் இன்னும் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்களிடம் என்ன கேட்டான்?"

"இந்த வலி எப்போது தீரும் என்று கேட்டான்."

"தீர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கலாமே! இங்கேயே இருந்திருப்பான்."

"எனக்கே தீரவில்லையே."

சுமேதர் அவரருகே உட்கார்ந்தார். "பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம், தேரரே. அவனை நிறுத்திவைக்க ஒரே ஒரு பொய்."

தேரர் தலை நிமிரவில்லை.

"பொய் சொல்லவும் அந்த மொழியில் என்னிடம் வார்த்தை இல்லை, சுமேதா."