முள் இறங்கிய சிலிண்டர்

குரு மரகதவல்லிக்கு வயது முப்பத்து நாலு. சீடர் திருமேனிநாதனுக்கு அறுபத்தொன்று. அதில் அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

குருவின் கொட்டகையில், வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். எடுப்பது சுலபம். பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. அதைவிட லேசான வாயு கிடையாது. இடுக்கு கிடைத்தால் ஓடிவிடும்.

சீடர் செய்த இரண்டு சிலிண்டரும் ஒழுகிவிட்டன. "மூணாவதும் ஒழுகினா பெட்டியக் கட்டிடறேன்" என்று அவரே வாயை விட்டிருந்தார்.

மூன்றாவதற்குள் ஏதோ ஓர் உலோகப் பொடியைக் கொட்டச் சொன்னார் குரு. ஏன் என்று சொல்லவில்லை.

வாயுவை ஏற்றி வால்வை மூடினார்கள். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் முப்பதில் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஐந்துக்கு வந்துவிட்டது.

சீடர் முப்பது வருஷம் மின்சார ஆபீசில் மீட்டர் பார்த்தவர். முள் சொன்னால் அவருக்கு அது தீர்ப்பு. ஸ்பேனரை எடுத்து முறுக்கினார். சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுபடி முறுக்கினார்.

"சார், மரை போயிடும்."

"போகட்டும்மா. வாயுவே போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"தெரிஞ்சா பிடிச்சிருக்க மாட்டேனா?"

"சிலிண்டரத் தொட்டுப் பாருங்க."

"சுடுது. வெயில்."

"நிழல்லதான இருக்கு."

அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். மூன்று வேட்டி, மடிக்க எவ்வளவு நேரம் ஆகும்.

குரு சிலிண்டரை வாளியில் நிற்க வைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு எண்ணெயும் தேய்ச்சு விடுங்க" என்றார் சீடர்.

"டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க சார்."

முள் அசைந்தது. ஏழு. பன்னிரண்டு. இருபது. சீடர் பெட்டியைக் கீழே வைத்தார்.

குரு சிலிண்டரின் குழாயை அடுப்பில் மாட்டிப் பற்ற வைத்து, டீக்குப் பாலை ஏற்றினார். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது.

"எரியுதாம்மா?"

"விரலை விட்டுப் பாருங்களேன்."

விடவில்லை. பால் பொங்கியது. சீடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்துச்சு?"

"பொடிக்குள்ள போய் உக்காந்துடுச்சு. உக்காரும்போது சூட்டக் கக்கும், சூடு காட்டினா எழுந்து வரும்."

"அப்புறம் ஏன் முள் இல்லன்னு சொல்லுச்சு?"

குரு டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

"சிலிண்டர் சுவத்த முட்டுற வாயு மட்டும்தான் சார் முள்ளுக்குத் தெரியும்."