நான்காவது விளக்கு

முதலில் ஒரு விடுகதை. ஏற்றுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது. பின்னால் வருகிற எல்லாருக்கும் தெரியும். அது என்ன விளக்கு?

சரியாகச் சொன்னீர்கள். வண்டியின் பின்னால் சிவப்பாக எரியும் பிரேக் லைட்தான். இது அப்படிப்பட்ட ஒரு விளக்கைப் பற்றிய கதை.

சேந்தமங்கலத்தில் செலின் என்பவர் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் கடை வைத்திருந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரே ஒரு மாணவர் வருவார். பெயர் தனகோபால், வயது நாற்பத்தாறு. லீவு கிடைத்தால் பெரிய மோட்டார் சைக்கிளில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். செலினை அவர் 'டீச்சர்' என்று கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

ஒரு ஞாயிறு காலை தனகோபால் தன் பதினோரு வயது மகள் நறுமுகையுடன் கடைக்கு வந்தார். அப்பா வண்டியில் வந்தார். மகள் பின்னாலேயே நடந்து வந்தாள்.

"ஏன் கண்ணு, அப்பா ஏத்திக்கலையா?" என்று கேட்டார் செலின்.

"நான்தான் ஏறலக்கா."

காரணத்தைத் தனகோபால் சொன்னார். போன மாதம் இருவரும் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, பின்னால் வந்த பால் வேன் இடித்துவிட்டது. பக்கவாட்டுப் பெட்டி நசுங்கியது. நறுமுகையின் கால் அந்தப் பெட்டிக்கு நாலு விரற்கடை தள்ளி இருந்தது. அடுத்த வாரம் இருவரும் கன்னியாகுமரிக்குப் போவதாக இருந்தது. ஒரு வருடமாகப் போட்ட திட்டம். இப்போது அவள் வரமாட்டேன் என்கிறாள்.

"வேன்காரர் என்ன சொன்னார்?" என்றார் செலின்.

"லைட்டே எரியலைன்னு சொன்னாரு" என்றாள் நறுமுகை.

"எரியாம என்ன? நாலு தடவை பார்த்துட்டேன் டீச்சர். வெளிச்சம் பத்தல. அதான் விஷயம்" என்றார் தனகோபால்.

அதனால் அவர் பெரிய பல்பு மாற்றியிருந்தார். மேல் பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தார். நம்பர் பிளேட்டுக்குக் கீழே மின்னுகிற விளக்கு ஒன்று. இப்போது ஹெல்மெட்டின் பின்புறத்தில் நான்காவதாக ஒன்று வேண்டும். அதையும் வாங்கி வந்திருந்தார்.

செலின் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார். "பிரேக்கைப் பிடிங்க."

மூன்றும் எரிந்தன.

"விடுங்க."

பட்டை அணைந்தது. பல்பு மங்கியது. கீழே இருந்தது மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது.

"இது எப்ப அணையும்?"

"அணையாது டீச்சர். எப்பவும் மின்னும். பார்க்கிறவன் உஷாரா இருப்பான்ல?"

"கல்யாண மண்டபம்னு நெனச்சு உள்ள வந்துடப் போறாங்க சார்" என்று சொல்லிவிட்டு செலின் அதன் வயரைக் கழற்றினார். பெட்டியைக் கட்டிய வாரின் நுனி பல்பின் மேல் தொங்கியது. அதை உள்ளே செருகினார்.

"அப்போ நாலாவது விளக்கு?"

"மலைக்குப் போயிட்டு வந்து மாட்டலாம்" என்றார் செலின்.

தனகோபால் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். செலின் தன் ஸ்கூட்டரில் நறுமுகையை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். பதினோராவது வளைவுக்கு மேலே வண்டிகளைத் திருப்பினார்கள்.

"நீங்க எப்பவும் இறங்குற மாதிரியே இறங்குங்க சார்" என்றார் செலின். பிறகு நறுமுகையிடம் சொன்னார்: "அப்பாவோட லைட் எத்தனை தடவை பளிச்சுனு எரியுதுன்னு எண்ணு. நான் எத்தனை தடவை பிரேக் பிடிக்கிறேன்னும் எண்ணு."

அடிவாரத்து டீக்கடையில் இறங்கினார்கள்.

"எத்தனை?" என்று கேட்டார் தனகோபால்.

"அக்கா பதினாலு. நீங்க ஒண்ணு."

"ஒண்ணா?"

"இங்க கடைகிட்ட நிறுத்துனீங்களே, அப்ப."

தனகோபாலுக்குச் சிரிப்பு வந்தது. "நான் கியரைக் குறைச்சே இறங்குறவன் பாப்பா. இருபது வருசமா மலையில பிரேக்கைத் தொட்டதில்ல. பிடிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் சூடாகிடும். என்ன டீச்சர், சரிதானே?"

"சரிதான் சார். கியரைக் குறைச்சா வண்டி மெதுவாகுதா?"

"ஆகுது."

"லைட் எரியுதா?"

தனகோபால் டீயை ஒரு வாய் குடித்தார்.

"கியர்லயே இறங்குங்க" என்றார் செலின். "குறைக்கிறதுக்கு முன்னாடி பிரேக் லீவரை லேசாத் தொடுங்க. பிரேக் பிடிக்கிற அளவுக்கு வேண்டாம். லைட் எரியிற அளவுக்குப் போதும்."

"எனக்குத் தேவைப்படாத பிரேக்கை நான் எதுக்கு டீச்சர் தொடணும்?"

செலின் டீ கிளாஸ் இருந்த கையால் நசுங்கிய பெட்டியைக் காட்டினார்.

தனகோபால் எழுந்து வண்டியை எடுத்தார். மறுபடி மேலே போனார்கள். மறுபடி இறங்கினார்கள்.

"இப்ப?" என்றார் தனகோபால். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"பதினோரு வளைவுல ஒன்பதுல எரிஞ்சுது. நாலாவதுலயும் எட்டாவதுலயும் எரியல. எட்டுல அக்கா சடார்னு பிடிச்சாங்க, நான் முன்னாடி போய் அவங்க மேல மோதிட்டேன்."

"எட்டுல எதிர்ல லாரி வந்துச்சு. அந்த அவசரத்துல மறந்துட்டேன். பதினொண்ணுக்கு ஒன்பது. உங்க பள்ளிக்கூடத்துல இதுக்குக் கைதட்டுவாங்க."

நறுமுகை சிரிக்கவில்லை.

தனகோபால் தன் வண்டியின் பின் சீட்டைத் தட்டினார். "ஏறு பாப்பா. வீட்டுக்குப் போலாம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். ஒன்பது போதாதா?"

"என்னைக் கேக்காதீங்க சார்" என்றார் செலின். "அந்த சீட்டுல உக்காரப் போறது நான் இல்ல."

நறுமுகை ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, மலைப் பக்கம் கையைக் காட்டினாள்.