பெட்டி கொடுத்த தீர்மானம்

“எப்சிபாவைப் பொண்ணு பார்க்க மதுரைக்காரங்க ஈஸ்டருக்கு வாராங்களாம். உள்ளூர்ல ஒருத்தன் வாயைத் திறந்து கேட்டா அவ சரின்னுதான் சொல்லுவா. திறக்கணுமே!” என்று குழாயடியில் யாரோ யாரிடமோ சொன்னது, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பொன்சிங்கின் காதில் விழுந்தது.

அந்த ஒருத்தன் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருஷமாக எங்கே போவதானாலும் எப்சிபா வீட்டு வழியாகத்தான் போகிறான். வாயைத்தான் திறந்ததில்லை.

மறுநாள் புத்தாண்டு. பத்து ஊருக்கு ஒரே போதகர் என்பதால் ஆராதனை சுருக்கமாக முடிந்தது. “ஆளுக்கொரு தீர்மானம் எழுதி, பேர் போடாமல் பெட்டியில் போடுங்கள். ஜெபம் பண்ணுங்கள். அதன்பின் அது உங்களுடையது அல்ல, ஆண்டவருடையது. அவர் கையிலிருந்து வருவதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, அவர் பைக்கில் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

‘எப்சிபாவிடம் கல்யாணம் கேட்பேன்’ என்று எழுதிப் போட்டான் பொன்சிங்.

அது வருஷா வருஷம் பைபிள் வாக்குத்தத்த வசன அட்டைகளை வைக்கும் பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். வந்த வசனம் அந்த வருஷம் முழுக்க அவருக்கு. எனவே ஜெபம் முடிந்ததும் கருணையாபுரம் முழுதும் வரிசையில் நின்று, கண்ணை மூடி, ஆளுக்கொரு சீட்டு எடுத்தது.

வழுக்கைத்தலை வாத்தியார் வேதமணிக்கு ‘தினமும் இரட்டைப் பின்னல் போடுவேன்’ என்று வந்தது. கோயில் மணி அடிக்கும் அருமைநாயகத்தின் மனைவி சொர்ணபாய்க்கு ‘மீசையை எடுத்துவிடுவேன்’ என்று வந்தது.

“இல்லாததை எப்படிவே எடுக்க?” என்றாள் சொர்ணபாய்.

வாத்தியார் யோசித்துச் சொன்னார்: “முதல்ல வளருங்க. வருஷம் பூரா கெடக்குல்லா.”

பொன்சிங் தன் சீட்டைப் பிரித்தான். ‘இனி வாயே திறக்க மாட்டேன்.’ அது சொர்ணபாயின் கையெழுத்து. அவள் போன வருஷமும் அதையே தீர்மானித்து, மத்தியானத்துக்குள் கைவிட்டவள்.

அவன் எழுதிய சீட்டு, அறுபத்தெட்டு வயது அருமைநாயகத்துக்குப் போயிருந்தது.

“எனக்குத்தான் நீ இருக்கியேடி” என்று அவர் மனைவியிடம் கலங்கினார்.

“என்னைப் பார்க்காதீங்க. ஆண்டவர் காரியம், தள்ளிப்போடக் கூடாது” என்று சொர்ணபாய் அவருக்கு வேட்டியைத் தேய்த்துக் கொடுத்து, பூவும் பழமும் தட்டில் வைத்து, தானே அழைத்துப் போனாள். பின்னாலேயே ஊரும் போயிற்று. பொன்சிங்கும் உதட்டை இறுக்கிக்கொண்டு போனான்.

எப்சிபா வாசலுக்கு வந்தாள். அருமைநாயகம் சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கல்யாணம் கேட்டார்.

எப்சிபா பொன்சிங்கைப் பார்த்தாள். “என்ன பொன்சிங்கு, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

பொன்சிங்கின் கண்ணில் தண்ணீர் முட்டியது. சீட்டை நீட்டினான். அவள் படித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தன் சீட்டைப் பிரித்தாள். ‘யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.’

“சரி, தாத்தா. சம்மதம்.”

ஊர் கைதட்டியது. அருமைநாயகம் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“எங்க போறிய? கல்யாணம்?” என்றார் எப்சிபாவின் அப்பா.

“எனக்குக் கேக்கத்தான் உத்தரவு. கேட்டாச்சு. கட்டிக்கிடணும்னு சீட்டுல இல்லையே?”

சீட்டு கைக்குக் கை மாறியது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். இல்லைதான்.

“அப்ப எம்மவளை யாருதான் கட்டிக்கிடுவா?”

“அது இந்த வருஷப் பெட்டியில வரலை. அடுத்த வருஷம் யார் கையில வருதோ, அவருதான்” என்று தீர்ப்புச் சொன்னார் வாத்தியார்.

எப்சிபாவின் அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. சம்மதம் சொல்லியாயிற்று, மாப்பிள்ளை யார் என்பது அடுத்த ஜனவரியில் தெரியும் என்று மதுரைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

பொன்சிங் அன்றைக்கே கடைக்குப் போய், சைகை காட்டி ஒரு நோட்டு வாங்கினான். ஊரில் சீட்டெடுப்பவர்கள் எண்பத்திரண்டு பேர். எண்பத்திரண்டு சீட்டு கிழித்தான். எது தன் கைக்கு வந்தாலும் தப்பாமல் இருக்கட்டும் என்று, எல்லாவற்றிலும் அழகான கையெழுத்தில் ‘எப்சிபாவைக் கல்யாணம் செய்துகொள்வேன்’ என்று எழுதி, காலியாகக் கிடந்த கோயில் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.