அண்டா தொங்கிய இடம்

குன்றின் மேலிருந்த அந்த ஆசிரமத்தில் கிணறு கிடையாது. அடிவாரத்துச் சுனையிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும். மூங்கில் கழியின் நடுவில் அண்டாவைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள்.

முன்னால் வருபவர் அறவாழி. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவான குழல்மொழி அம்மாவைவிட வயதில் மூத்தவர். சீடராக மேலே ஏறி வந்துவிட்டார், வாத்தியார் மிடுக்கை மட்டும் கீழே விட்டு வரவில்லை.

அன்று காலை அண்டாவை முற்றத்தில் இறக்கியதும் வெடித்தார்.

"அம்மா, தங்கப்பழம் கழியைச் சும்மா பிடிச்சுக்கிட்டு வர்றார். பாரம் பூரா என் தோள்லதான். ஒண்ணு அவர் இங்க இருக்கணும், இல்ல நான்."

பின்முனையைச் சுமந்து வந்த தங்கப்பழம் கழியைத் தரையில் வைத்தார். தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டு குடிசைக்குள் போனார். அவர் துணிகளை மடிப்பது வாசல் வழியே தெரிந்தது. அறவாழிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்ன சொல்லை விழுங்க மனம் வரவில்லை.

"கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா, சார்?" என்றார் அம்மா.

"இதுக்கு எதுக்கும்மா கணக்கு?"

"போடுங்களேன். நீங்க நடத்தின பாடம்தானே."

அறவாழி மண்ணில் குச்சியால் வரைந்தார். கழிக்கு ஒரு கோடு. அண்டா கீழே இழுப்பதற்கு ஓர் அம்பு. இரண்டு தோள்களும் மேலே தாங்குவதற்கு இரண்டு அம்புகள். அண்டா தண்ணீரோடு அறுபது கிலோ. கழியில் கயிறு நிற்கும் இடத்தை அவசரமாகச் சாண் போட்டு அளந்து குறித்தார்.

பிறகு தங்கப்பழத்தின் முனையில் விரலை ஊன்றினார்.

"இங்கேருந்து திருப்புத்திறன் எடுத்தா, அதாவது இந்த முனையைச் சுத்திக் கழியை எது எவ்வளவு திருப்புதுன்னு பார்த்தா, அவர் விசை கணக்குல வராது. என்னோடது மட்டும் நிக்கும்." பெருக்கினார், வகுத்தார். "இருபது கிலோ! இந்த வயசுல!"

"சரி. இப்ப விரலை உங்க முனையில வச்சுப் போடுங்க."

வைத்தார். பெருக்கியவர், வகுக்கும்போது நிறுத்திவிட்டார். கழியைத் திரும்பிப் பார்த்தார். நடுவில் கட்டிய கயிறு பின்பக்கமாகச் சறுக்கிப் போயிருந்தது.

"நாற்பது," என்றார் மெல்ல. "அவர் தோள்ல! ஏத்தத்துல கயிறு பின்னால நழுவிடுது. அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே."

அறவாழி தன் முனையில் ஊன்றிய விரலைப் பார்த்தார்.

"இங்க விரலை வச்சா என் பாரம் கணக்குலயே வரலையேம்மா."

"வராது, சார். அதான் இத்தனை நாளா நீங்க அங்க வைக்கல."

தங்கப்பழம் மூட்டையோடு வெளியே வந்தார். அறவாழி குச்சியைக் கீழே போட்டார். எழுந்து போய், அந்தத் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வாங்கிக்கொண்டார்.