கத்தி பாத்து வாங்கணும்

எந்த ஊரா இருந்தாலும் நாலு புத்திசாலி இருந்து ஊரக் கொழப்பிக்கிட்டே கெடப்பான். கொக்குமேஞ்சான்குளத்துக்கு அந்தச் சங்கடம் கெடையாது. அங்க ஒருத்தன் கெணத்துல விழுந்தா, மத்தவன் "ஏம்ல விழுந்த?"ன்னு கேக்க மாட்டான். "கொஞ்சம் தள்ளி நில்லு, நானும் வாரேன்"பான். அம்புட்டு ஒத்துமை.

அந்த ஊர்ல அம்பு விடுற வில்லுக்காரங்க மூணு பேரு. தளவாய்க்கு வில்லுன்னா உசுரு. கொம்பையா ரோசனைக்காரன், எதையும் கண்ண மூடிக்கிட்டுதான் யோசிப்பான், பாதியில தூங்கிருவான். மாசானம் சந்தேகக்காரன்.

வருசா வருசம் மலையடிவாரத்துல காட்டு வில்லுப் போட்டி நடக்கும். மரத்துல செஞ்ச பன்னி, மானு, மொயலுன்னு காட்டுக்குள்ள அங்கங்க நிறுத்தி வச்சிருப்பாங்க. நடந்துகிட்டே ஒண்ணொண்ணா அடிக்கணும். குறி தப்புன அம்பு, பின்னால நிக்கிற மரத்துல போயிக் குத்திக்கிடும். போன வருசம் நம்மாளுக ஒரு பன்னியக்கூடத் தொடல. ஆனா காட்டு மரத்துக்கெல்லாம் நல்ல அடி.

தளவாய் மட்டும் ஏழு அம்ப மரத்துல விட்டுட்டு வந்தான். அவ்வளவும் அவன் பொண்டாட்டி சந்தனமாரி, ஆசையா வளத்த கெடாய வித்து வாங்கிக் குடுத்த அம்பு. இந்த வருசம் அவ கறாராச் சொல்லிட்டா.

"இந்தாரும், நல்லாக் கேட்டுக்கிடும். இந்தத் தடவ ஒரு அம்பு கொறஞ்சாலும், அந்த வில்ல ரெண்டா முறிச்சு வெந்நி அடுப்புல வச்சிருவேன்."

தளவாய் வில்லத் தோள்ல தூக்கிக்கிட்டு, மத்த ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு, வில்லு சொல்லிக் குடுத்த ஞானதுரை மாஸ்டரத் தேடி ஓடுனான். மாஸ்டரு பஸ்ல ஒரு கால வச்சிட்டாரு.

"மாஸ்டர், மரத்துல குத்துன அம்ப எப்பிடி மாஸ்டர் திருப்பிக் கொண்டாரது?"

"பிடிச்சு இழுக்காதீங்கடே, ஒடிஞ்சிரும். அம்பு மாட்டுச்சுன்னா கத்தி எடுங்க. பெல்ட்டுல ஒரு கத்தி இல்லாம இந்த வருசம் போட்டிக்காரன் உள்ளயே விட மாட்டான். நல்ல கெட்டியா இருக்கணும். அவசரப்படாம, கத்தி பாத்து வாங்கணும். உறைக்குள்ள போட்டுத்தான் இடுப்புல கட்டணும், என்ன?"

பஸ் போயிருச்சு. மூணு பேரும் பஸ் போன தெசையப் பாத்துக் கும்பிட்டாங்க.

"எம்புட்டு வெவரமான மனுசன்," அப்படின்னான் கொம்பையா. "வேற எவனாவது சொல்லுவானா, கத்திப் பாத்து வாங்குன்னு?"

"எவ்வளவு சத்தமாக் கத்தணும்னு சொல்லலியே?" மாசானத்துக்குச் சந்தேகம்.

"கெட்டியான பொருளுக்குக் கெட்டியாத்தாம்ல கத்தணும்."

மறுநா காலையில டவுன்ல இரும்புக் கடை. அண்ணாச்சி அப்பதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கிட்டு இருந்தாரு. சுவத்துல ஆணியடிச்சு ஏழெட்டுக் கத்தி தொங்குது. தளவாய் மொதக் கத்தி முன்னால போயி நின்னு, மூச்ச இழுத்து, "ஏஏஏய்!"ன்னு ஒரு கத்து கத்துனான்.

அண்ணாச்சி கையில இருந்த ஊதுபத்தி அவரு சட்டைப் பைக்குள்ள போயிருச்சு.

"வேய்! நீங்க கத்தி வாங்க வந்தீகளா, கத்த வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணாச்சி," அப்படின்னான் தளவாய், மரியாதையா.

மொதக் கத்தி மெல்லிசு. சத்தத்துல ஆணியில கெடந்து நடுங்குச்சு. கொம்பையா உதட்டப் பிதுக்குனான். "பயந்தாங்கொள்ளி. காட்டுக்கு ஆவாது."

ரெண்டாவது கத்தி, மூணாவது கத்தி, எல்லாம் நடுங்குது. தெருவுல கூட்டம் கூடிருச்சு. கடைசியில ஒரு தடிச்ச கத்தி. மூணு பேரும் சேர்ந்து கத்துனாங்க. கூரைப் பல்லி கீழ விழுந்துச்சு. கத்தி அசையல.

"இதுதாம்ல ஆம்பளை!" தளவாய்க்குக் கண்ணு கலங்கிருச்சு.

நல்ல கத்திதான், அதையும் சொல்லணும். ஒரு சாண் நீளம், முதுகு மூணு காசு அடுக்குன தடிமன். அண்ணாச்சி காத நோண்டிக்கிட்டே சொன்னாரு: "இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போகுது பாத்துக்கிடுங்க. ஒடையவே ஒடையாது."

"உள்ள போறது சரி, எப்ப வெளிய வரும்?" இது மாசானம்.

அண்ணாச்சி கத்தியத் துணியால தொடச்சாரு. பெறவு, "உறை வேணுமா?"ன்னாரு.

"வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல உறைமோரு இருக்கு," அப்படின்னான் கொம்பையா.

அண்ணாச்சி மேக்கொண்டு ஒண்ணும் கேக்கல. அனுபவசாலி.

வீட்டுக்கு வந்து ஒரு கலயத்துல காய்ச்சுன பால ஊத்தி, கத்திய உள்ள எறக்கி, ஒரு கரண்டி மோர விட்டாங்க.

"கத்திக்கு எதுக்குல உறை?" மாசானம் கேட்டான்.

கொம்பையா கண்ண மூடுனான். "பால்ல உறை ஊத்துனா என்ன ஆவுது?"

"கெட்டியாவுது."

"கத்தி எப்பிடி இருக்கணும்னாரு மாஸ்டர்?"

"கெட்டியா இருக்கணும்னாரு."

"பெறவு என்னல கேள்வி?"

விடிஞ்சு பாத்தா தயிரு பாறையா உறைஞ்சு நிக்கி. நடுவுல கத்திப் பிடி, சாமி மாதிரி. தளவாய் பெல்ட்டக் கலயத்துக் கழுத்துல சுத்தி இடுப்புல கட்டுனான். சந்தனமாரி வாசல்ல நின்னு பாத்தா. "வழியில பசிச்சாத் தொட்டுக்கிடவா?"ன்னு மட்டும் கேட்டா.

போட்டிக்கு வந்த நடுவரு, கூட்டத்துக்கு ஒரு கத்தி இருக்கான்னு இடுப்பு இடுப்பாத் தடவிப் பாத்தாரு. தளவாய்கிட்ட வந்ததும் கை அப்படியே நின்னுருச்சு.

"என்னய்யா இது?"

"உறை சார். கத்தி உள்ள இருக்கு."

நடுவரு பிடியப் பிடிச்சு மெல்லத் தூக்கிப் பாத்தாரு. தயிரு சொட்டச் சொட்ட வந்துச்சு. நகத்தால தட்டிப் பாத்தாரு. வளைச்சுப் பாத்தாரு. எடுத்த எடத்துலயே வச்சிட்டு, "கத்தி நல்ல கத்திதான்யா"ன்னு வானத்தப் பாத்துச் சொன்னாரு. "போ."

காட்டுக்குள்ள மொத மிருகம் பன்னி. தளவாய் வில்ல வளைச்சு, ஒத்தக் கண்ண மூடி, குலசாமிய நெனச்சு விட்டான். அம்பு பன்னி காதுகிட்டப் போயி ஏதோ சேதி சொல்லிட்டு, பின்னால நின்ன புளியமரத்துல விரல் நீளத்துக்கு எறங்கிருச்சு.

மாசானம் ஓடிப்போயி அம்பப் பிடிச்சான்.

"ஏல, இழுக்காத!" தளவாய் அலறுனான். "மாஸ்டர் என்ன சொன்னாரு? அம்பு மாட்டுச்சுன்னா கத்தி எடுங்கன்னாரா இல்லியா?"

"ஆமா, கத்தித்தான் எடுக்கணும்."

மூணு பேரும் மரத்தச் சுத்தி நின்னு கத்துனாங்க. மரம் அசையல. கொம்பையா மரத்தோட அப்பனையும் பாட்டனையும் இழுத்துக் கத்துனான். ரெண்டு புளியம்பழம் விழுந்துச்சு, அம்பு வரல. தளவாய்க்குத் தொண்டை கட்டிருச்சு. அவன் கண்ணுக்குள்ள வெந்நி அடுப்பு எரியுது.

பின்னால வந்த கூட்டம் மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. "என்னப்பா, சிறுத்தையா?"

"அம்புங்க. வெளிய வர மாட்டேங்குது."

"இடுப்புல கத்திப் பிடி தெரியுதே?"

"தெரியாமயா? தடிச்ச கத்தி! அசையவே அசையாது!" கட்டுன தொண்டையோட தளவாய் பெருமையாச் சொன்னான்.

"அப்ப அத வச்சு..."

"அது பெல்ட்டுக் கத்திங்க," கொம்பையா குறுக்க வந்தான். "பெல்ட்டுலதான் இருக்கும்."

வந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு, வேற வழியாப் போயிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல விசில் ஊதிருச்சு. எல்லாரும் காட்ட விட்டு வெளிய வரணும். தளவாய் வில்லக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மரத்தடியில உக்காந்துட்டான். "ஒரு அம்பு கொறஞ்சாலும் வில்ல எரிப்பேன்னாளே! நான் வீட்டுக்கு வரலல!"

கொம்பையா கண்ண மூடுனான். அன்னைக்குப் பாத்துத் தூங்கல.

"ஏல தளவா, வில்லு வீட்டுல இருந்தாத்தான எரிப்பா?"

தளவாய் தலையத் தூக்குனான்.

"அம்பு இருக்கிற மரத்துலயே வில்லையும் மேல ஏத்தி, எலைக்குள்ள ஒளிச்சிருவோம். எத எரிப்பா?"

"எவனாவது களவாண்டுட்டா? அம்பு குத்தியிருக்கே, இந்த மரம்தான்னு கண்டுபிடிச்சிருவானே?" இது மாசானம். வாழ்க்கையில மொத தடவையா உருப்படியாச் சந்தேகப்பட்டான்.

மூணு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணி, வேலைய முடிச்சிட்டு, பொழுது சாயுறதுக்குள்ள ஊரு வந்து சேர்ந்தாங்க. தளவாய் நெஞ்ச நிமித்திக்கிட்டு வீட்டுக்குள்ள போனான்.

"அம்பு எங்க?"ன்னா சந்தனமாரி.

"மரத்துல."

"வில்லு எங்க?"

"அதே மரத்துல. இப்ப எரி பாப்போம்!"

சந்தனமாரி அவன் முதுகுப் பக்கம் எட்டிப் பாத்தா. பெறவு மெதுவாக் கேட்டா: "ஒரு அம்புதான மாட்டுச்சு? மிச்ச அம்புக எங்க?"

"ஏட்டி, களவாணிப்பய வந்தா, அம்பு குத்தியிருக்கிற மரத்தப் பாத்து வில்லக் கண்டுபிடிச்சிர மாட்டானா? அதான், மூணு பேரு அம்பையும் மரத்துக்கு ஒண்ணா அடிச்சு விட்டுட்டு வந்துட்டோம். எந்த மரம்னு தெரியாமத் திண்டாடிருவான்."

"உங்களுக்குத் தெரியுமா, எந்த மரம்னு?"

தளவாய் சிரிச்சான். "நல்லாக் கேட்ட போ. எங்களுக்கே தெரியாதுன்னா பாத்துக்கோயேன்!"